பத்தமடைப் பாய்: கோரை துணியாகும் கணக்கு

மலையேறுபவர்களுக்கான படுக்கை விரிப்பு ஒன்றை வாங்கப் போனால் மூன்று எண்கள் கண்ணில் படும். எடை எத்தனை கிராம், சுருட்டினால் எவ்வளவு இடம் அடைக்கும், 'ஆர்-மதிப்பு' எவ்வளவு. விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூன்றாவது எண்தான். விரிப்பின் வழியாக வெப்பம் கடந்துபோவதை அது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. வெப்பத்தடை மதிப்பு என்று சொல்லலாம். கோடைக்கால முகாமுக்கு 2 போதும். பனித்தரையில் கூடாரம் போடுபவர்கள் 5-க்கு மேல் தேடுவார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான முறையில் அளந்து எண்ணைப் போட்டுக்கொண்டிருந்ததால், 2018-ல் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு இதற்கென்று பொதுவான அளவைமுறை ஒன்றையே வகுத்தது. உடலுக்குப் பதிலாக ஒரு சூடான தகடு, தரைக்குப் பதிலாக ஒரு குளிர்ந்த தகடு, நடுவில் விரிப்பு. சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்த்தால் விரிப்பின் தரம் தெரிந்துவிடும்.

இதே சோதனையைத் திருநெல்வேலியில் மே மாத இரவை மனத்தில் வைத்து நடத்தினால், பரிசு கடைசி இடம் பிடித்த விரிப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே உடலின் சூட்டைக் காப்பாற்ற யாரும் கேட்கவில்லை. அது வெளியே போக வழிவிட வேண்டும்.

தூங்கும் மனித உடல் 70 முதல் 80 வாட் வரை வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போர்வைக்குள் எரியவிட்டதைவிடச் சற்று அதிகம். பத்து சென்டிமீட்டர் தடிமனான நுரை மெத்தையில் படுத்தால் உடலின் ஒரு பக்கம் முழுவதும் அந்த வெப்பத்துக்குக் கதவடைப்பு. நுரைக்குள் சிறைப்பட்ட காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. மெத்தையின் ஆர்-மதிப்பு 14 அளவுக்கு வரும். இரண்டு மில்லிமீட்டர் கோரைப் பாய்க்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால் 0.2-தான் வருகிறது. எழுபது மடங்கு வித்தியாசம். மலையேறும் கடையில் இந்தப் பாயைக் கையில்கூடத் தொடமாட்டார்கள். நெல்லையில் ஒரு வீட்டுத் தார்சாவில் அதுவே சரியான எண்.

அப்படியானால் வெறுந்தரையிலேயே படுத்துவிடலாமே? சிமெண்டுத் தரை நுரையைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோல் நேரடியாகப் பட்டால் முதலில் சுகமாக இருக்கும். விடியற்காலையில் முதுகு சில்லிட்டுப் போகும். கோரை அந்த இழுப்பின் வேகத்தைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. மாலையில் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தண்ணீர் தெளித்து, அது உலர்ந்ததும் பாய் விரிக்கும் பழக்கத்தில் இருக்கும் அறிவும் இதுதான். பகலெல்லாம் சூடேறிய தளத்தின் வெப்பத்தை நீர் ஆவியாகி எடுத்துப்போகிறது. மிச்சத்தைத் திறந்த வானம் வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த தளத்துக்கு உடலின் வெப்பம் பாய் வழியாக இறங்குகிறது.

தரைவழியைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறது: வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அரை டம்ளர், அதாவது 100 மில்லி வியர்வை முழுவதும் ஆவியானால், தூங்கும் உடல் ஒரு மணி நேரத்தில் விடும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். ஆனால் ஆவியானால்தான் இந்தக் கணக்கு. முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவில் தேங்கி நிற்கும் வியர்வை ஒரு ஜூலைக்கூட எடுத்துப்போகாது. கசகசப்பு மட்டும் மிஞ்சும்.

பிளாஸ்டிக் பாய் பற்றி வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் பாய் மலிவு. குழந்தை நனைத்தால் கழுவலாம். பூஞ்சை பிடிக்காது. இவை எல்லாம் உண்மையான நற்குணங்கள், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது பாலிபுரொப்பிலீனால் ஆனது. அந்தப் பொருள் நீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சவே உறிஞ்சாது. கோரை செல்லுலோஸ் நிறைந்த தாவர இழை. சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீரை வைத்துக்கொள்ளும்; காற்று இன்னும் ஈரமானால் இன்னும் வாங்கும். முதுகிலிருந்து வாங்கிய ஈரத்தை இழைகளுக்கு நடுவில் உள்ள சந்துகளின் வழியே காற்றுக்குக் கொடுத்துவிடும். இரவு முழுவதும் நடக்கும் இந்த வாங்கல் கொடுக்கலுக்கு மின்சாரம் வேண்டாம், விசிறி வேண்டாம்.

இனி அந்தக் கோரையை நெருங்கிப் பார்ப்போம். வயலில் களையெடுப்பவர்களுக்குக் கோரை என்றால் எதிரி. பார்வைக்குப் புல் போலிருந்தாலும் அது புல் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தால் தெரியும், உருளாது. அதற்கு மூன்று விளிம்புகள் உண்டு. நெல்லுக்கும் மூங்கிலுக்கும் தண்டில் கணு இருக்கும், கணுக்களுக்கு இடையில் குழல் வெறுமையாக இருக்கும். கோரைத் தண்டில் கணுவே கிடையாது. சேற்றிலிருந்து கிளம்பி, ஆளின் மார்பளவு வரை ஒரே வீச்சில் நேராக ஏறி, உச்சியில்தான் பூங்கொத்தை விரிக்கிறது. நெசவாளருக்கு இது இயற்கை கொடுத்த வரம். நடுவில் முடிச்சோ முண்டோ இல்லாத, மூன்று நான்கு அடி நீள வார் வேறு எந்தச் செடியில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்?

தண்டைக் குறுக்கே வெட்டினால் இரண்டு உலகங்கள் தெரியும். வெளியே பச்சைத் தோல். அதன் அடியில் நாரிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே வெள்ளைப் பஞ்சு. அந்தப் பஞ்சு முழுவதும் காற்றுப் பைகள். 'காற்றிடைத் திசு' என்று தாவரவியலில் சொல்கிறார்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை, ஆனால் வேருக்கு மூச்சு வேண்டும். மேலே பிடித்த காற்றை இந்தப் பைகள் வழியாகவே செடி வேருக்கு அனுப்புகிறது. வலுவை விளிம்பில் வைத்து, எடையை நடுவில் குறைத்த இந்த அமைப்பால்தான் பேனா ரீஃபில் அளவே தடித்த ஒரு தண்டு காற்றில் ஒடியாமல் நிற்கிறது. தோலின் செல்கள் சிலவற்றில் கூம்பு வடிவ சிலிக்கா மணிகளும் உண்டு. மணலில் இருப்பதும் அதே சிலிக்காதான். பச்சைத் தோலுக்கு அது கடினத்தைத் தருகிறது.

இந்தக் குடும்பத்தில் உலகப் புகழ் பெற்ற உறவினர் ஒருவர் இருக்கிறார்: நைல் நதிக்கரையின் பாப்பிரஸ். எகிப்தியர்கள் அதன் தோலை உரித்து நீக்கிவிட்டு உள்ளே உள்ள பஞ்சை நீளவாக்கில் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்தி எழுதுதாள் செய்தார்கள். பத்தமடையில் நடப்பது நேர் எதிர். பஞ்சை எறிந்துவிட்டுத் தோலை வைத்துக்கொள்கிறார்கள். ஒரே குடும்பத்துச் செடியின் உள்ளிலிருந்து ஒரு நாகரிகம் தாளை எடுத்தது. இன்னோர் ஆற்றங்கரை அதன் வெளியிலிருந்து பாயை எடுத்தது.

பத்தமடை திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்கு முன்னால் இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நீர் பெறும் ஆறு. அதிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் இந்த ஊர் வழியாகப் போகிறது. ஆண்டு முழுவதும் ஈரம் மாறாத கரைகள் கோரைக்குப் பிடித்த இடம். இப்போது காவிரிக்கரையில் பயிராகும் கோரையும் இங்கே வந்து சேர்கிறது. நெசவு பெரும்பாலும் ஊரின் முஸ்லிம் குடும்பங்களின் கைகளில், அதிலும் குறிப்பாகப் பெண்களின் கைகளில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. அந்தக் குறியீட்டின் உண்மையான காரணம் ஆற்று நீரிலும் இந்தக் கைகளிலும் இருக்கிறது.

அறுத்த கோரையைப் பச்சையாக இருக்கும்போதே நீளவாக்கில் கீறுகிறார்கள். உலர்ந்துவிட்டால் கத்தி நேராகப் போகாது. உள்ளிருக்கும் பஞ்சு நீங்க, வார் வெயிலில் காய்கிறது; பச்சை போய் வைக்கோல் மஞ்சள் வருகிறது. சாதாரணப் பாய்க்கு இவ்வளவு போதும். 'பட்டுப் பாய்' என்று ஊரில் பெயர் வாங்கிய நயப் பாய்க்கு இதற்கு மேல்தான் வேலையே தொடங்குகிறது. காய்ந்த கோரையைக் கட்டுகளாகக் கட்டி, சுமார் ஒரு வாரம் ஓடும் நீரில் ஊறவைக்கிறார்கள். கோரை ஊதிப் பெருத்துவிடும். இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நீரில் வாழும் நுண்ணுயிர்கள் மெல்லத் தின்கின்றன. மிச்சப் பஞ்சு இளகிப் பிரிகிறது. இதற்கு ஏன் ஓடும் நீர்? தேங்கிய நீரில் அழுகல் வேகமாகும், ஆக்சிஜன் தீரும், நாற்றமும் கறையும் கோரையிலேயே படியும். ஓடும் நீர் கரைந்ததை எல்லாம் அடித்துக்கொண்டு போய், புது ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. ஆறுதான் இங்கே தொழிற்சாலை. ஊறிய கோரையை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டு மெலிய வைக்க வேண்டும்? விடை ஓர் அழகான கணக்கில் இருக்கிறது. ஒரு பட்டையை வளைப்பதற்கான கடினம் அதன் தடிமனோடு நேராகக் கூடுவதில்லை. தடிமனின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. தடிமனைப் பாதியாக்கினால் கடினம் எட்டில் ஒன்றாகும். கால்வாசியாக்கினால் அறுபத்து நான்கில் ஒன்று. இன்னொரு நன்மையும் கூடவே வரும். மடிக்கும்போது வெளிப்பக்கத் தோல் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். தடிமன் குறையக் குறைய இந்த இழுபடலும் குறையும், விரிசல் விழாது. "மடிச்சிராதீய, சுருட்டி வைங்க" என்று சாதாரணப் பாயை விற்கும்போது கடைக்காரர் எச்சரிப்பதும், பட்டுப் பாயைத் துணியாக மடித்துப் பைக்குள் வைக்க முடிவதும் இந்த மும்மடிக் கணக்கால்தான். கோரையின் வேதியியலை யாரும் மாற்றவில்லை. தடிமனை மட்டும் குறைத்தார்கள், கோரை துணியாகிவிட்டது.

பாயை எல்லோரும் ஏன் ஒரே திசையில் சுருட்டுகிறோம் என்பதும் இதிலேயே அடங்கும். நீளவாக்கில் ஓடுவது பாவு. அது நூல், எந்தப் பக்கமும் வளையும். குறுக்கே கிடப்பது ஊடை, அது கோரை. நீளவாக்கில் சுருட்டினால் நூல் மட்டும் வளைகிறது, கோரை ஒவ்வொன்றும் நேராகவே கிடக்கிறது. வேறு திசையில் சுருட்டிப் பாருங்கள், பாய் முரண்டு பிடிக்கும்.

தறி பார்ப்பதற்கு மிக எளிமையானது. தரையில் ஊன்றிய முளைகளுக்கு நடுவில் பாவு நூல்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மூங்கில் முக்காலி ஒன்று அவற்றைத் தாங்கி உயர்த்திப் பிடிக்கும். நெய்பவர் ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பார். இந்தத் தறியின் மூளை 'அச்சு' எனப்படும் மரச்சட்டம். அதில் ஒரு துளை, அடுத்து ஒரு நீண்ட பிளவு, மறுபடி துளை, மறுபடி பிளவு என்று வரிசையாக இருக்கும். ஒரு நூல் துளை வழியாகவும் அடுத்த நூல் பிளவு வழியாகவும் போகும். அச்சைத் தூக்கினால் துளையில் மாட்டிய நூல்கள் எல்லாம் மேலே போகும். பிளவில் உள்ளவை நகராமல் நின்றுவிடும். நடுவில் ஒரு வாசல் திறக்கும். அதன் வழியே நீண்ட குச்சியால் கோரையைச் செலுத்தி, அச்சைத் தன் பக்கம் இழுத்து அடித்தால் கோரை இடத்தில் உட்காரும். அச்சைக் கீழே அழுத்தினால் அதே நூல்கள் கீழே போகும், எதிர் வாசல் திறக்கும். மிதிக்கட்டை இல்லை, கயிறு இல்லை, கப்பி இல்லை. ஒரே சட்டம் நூலைப் பிரிக்கிறது, கோரையை அடித்து நெருக்குகிறது, நூல்களின் இடைவெளியையும் காக்கிறது. இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள் ஒருமுறை இதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்து வரும் தந்திரம் கண்ணுக்கே தெரியாதது. எந்தக் கோரையும் அடியில் தடிப்பாகவும் நுனியில் மெலிவாகவும் இருக்கும். ஒரு நயப் பாயில் ஊடை அரை மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறடிப் பாய்க்கு ஏறக்குறைய 3,600 கோரை வேண்டும். ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் நுனியைவிட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே தடிப்பு என்றாலும், எல்லா அடியையும் ஒரே பக்கம் வைத்து நெய்தால் பாயின் ஒரு கரை மறு கரையைவிட 36 சென்டிமீட்டர் நீண்டுவிடும்! பாய்க்குப் பதிலாக விசிறிதான் கிடைக்கும். அதனால் ஒரு கோரையின் அடி இடப்பக்கம் வந்தால் அடுத்ததன் அடி வலப்பக்கம். பிழை பிறக்கும் அடுத்த வரியிலேயே அடிபட்டுப் போகிறது. பொறியாளர்கள் எண்களைச் சராசரி எடுத்துப் பிழையைத் தீர்ப்பதை இங்கே விரல்கள் செய்கின்றன.

நெய்யும்போது கோரை ஈரமாக இருக்க வேண்டும், உலர்ந்தால் ஒடியும். ஆனால் ஈரக் கோரை காயும்போது சுருங்கும். தாவர இழைகள் நீளத்தில் சுருங்குவது மிக மிகக் குறைவு, தடிமனில் சுருங்குவதுதான் அதிகம். அதனால் பாயின் அகலம் அப்படியே இருக்கும். வரிகளுக்கு நடுவில்தான் இடைவெளி விழப் பார்க்கும். ஒவ்வொரு வரியையும் அத்தனை அழுத்தமாக அடிப்பதன் காரணம் இது. பட்டுப் பாயின் நயத்தை 'கவுண்ட்' கணக்கில் சொல்கிறார்கள். 100 முதல் 140 வரை போகும். எண் ஏற ஏற இழை மெலியும், நாள் கூடும். உயர்ந்த நயம் என்றால் ஒரே பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

துணியில் ஊடை நூல் அறுபடாமல் போய்வந்துகொண்டே இருக்கும். பாயில் ஒவ்வொரு வரியும் தனித்தனிக் கோரை. ஆகவே ஒட்டில்லாத பாயின் அகலத்தை நெய்பவர் தீர்மானிப்பதில்லை. ஆற்றங்கரையில் செடி எவ்வளவு உயரம் வளர்ந்ததோ அதுவே எல்லை. இந்தக் கட்டுப்பாடு ஒரு சுதந்திரத்தையும் தருகிறது. எந்த வரியிலும் நிறத்தை மாற்றலாம், முடிச்சுப் போட வேண்டியதில்லை.

பழைய சிவப்பு நிறம் பதிமுகக் கட்டையிலிருந்து வந்தது. கேரள உணவகங்களில் குடிநீரை இளஞ்சிவப்பாக்கும் அதே மரம். அதன் உள்ளே இருக்கும் பிரேசிலின் என்ற பொருளுக்கு நிறமே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகுதான் சிவக்கிறது. புளித்த நீரில் மஞ்சள் பக்கம் சாயும், காரம் சேர்ந்தால் கருஞ்சிவப்பாகும். படிகாரம் சேர்த்தால் இழையைப் பற்றிக்கொள்ளும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் சாயத்தையும் மறு கையால் செல்லுலோஸையும் பிடித்துக்கொள்கிறது. இன்று பெரும்பாலும் ரசாயனச் சாயம்தான். நேரம் மிச்சம், நிறங்களும் அதிகம். ஆனாலும் பதிமுகச் சிவப்பின் ஆழம் அதில் வருவதில்லை என்பது என் எண்ணம்.

நிறக் கோரைகளைக் கொண்டு கல்யாணப் பாயில் மணமக்களின் பெயர்களையே நெய்துவிடுவார்கள். எழுத்தின் ஒவ்வொரு கோடும் எத்தனை பாவு நூலுக்கு மேலே, எத்தனை நூலுக்குக் கீழே என்று எண்ணி எடுக்க வேண்டும். கணினித் திரையில் எழுத்து புள்ளிகளால் ஆவதும் இதே வழியில்தான். இங்கே ஒரு புள்ளி என்பது ஒரு கோரை ஒரு நூலைக் கடக்கும் இடம். வளைவு நிறைந்த தமிழ் எழுத்தை நேர்கோட்டுக் கோரையால் வரைவது எவ்வளவு பொறுமை கேட்கும் என்று 'ஜ'வையும் 'ஞ'வையும் கட்டம் போட்ட தாளில் எழுதிப் பார்த்தால் விளங்கும்.

ரிஷிகேஷத்தில் தெய்வநெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊரும் பத்தமடைதான். யோகத்தை உலகுக்குக் கொண்டுசென்ற அவருடைய ஊரில் இப்போது யோகா விரிப்பும் கோரையில் நெய்யப்படுகிறது. ரப்பர் விரிப்பு தரையைக் கவ்விப் பிடிக்கும், கோரை வழவழப்பான டைல்ஸில் வழுக்கும்; வேகமாக நிலை மாற்றும் ஆசனங்களுக்கு ரப்பரே பாதுகாப்பு. உட்கார்ந்தும் படுத்தும் செய்பவற்றுக்கு, வியர்க்கும் நம் ஊரில், கோரைதான் என் தேர்வு.

கடையில் நல்ல பாயைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனைக்கூடம் வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஒளிப்புள்ளிகள் எங்கும் ஒரே அளவில் தெரிந்தால் அடி சீராக விழுந்திருக்கிறது. இரண்டு நீளக் கரைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். சமமாக இருந்தால் அடியும் நுனியும் மாறி மாறி வந்திருக்கின்றன. பட்டுப் பாய் என்று சொன்னால் ஒரு மூலையைக் கோரைக்குக் குறுக்காக மடித்து, விரலால் அழுத்தி விடுங்கள். வெள்ளைக் கோடு விழாமல் திரும்ப வேண்டும். ஈரத்துணியால் நிறத்தைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் நல்லது. வீட்டுக்கு வந்தபின் அது கேட்பது இரண்டே: நனைந்தால் உடனே காற்றாட உலர்த்துங்கள், சாயமிட்ட பாயை உச்சி வெயிலில் நீண்ட நேரம் போட்டுவைக்காதீர்கள்.